குடும்பத்தோடு இறையியல் படிப்பவர்களின் சுமையில் திருச்சபைக்கும் பங்கு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், இறையியல் என்பது முழுநேர ஊழியத்துக்கு வரும் இளைஞர்கள் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டிய படிப்பு என்றும், வேலையும் குடும்பமும் உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், அதில் இறங்கினால் வீடும் சீராக நடக்காது, படிப்பும் தேறாது என்றும், அப்படிப்பட்டவர்களுக்கு வாரம் ஒரு வேதபாட வகுப்பே போதும் என்றும் எழுதியிருந்தார். அவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார் என்பது கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. வீடு சிரமப்படுகிறது என்று அவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் அந்தச் சிரமத்தைக் காரணம் காட்டிப் படிக்கவே வேண்டாம் என்று அவர் முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சிரமம் யார் தலையில் விழுகிறது, அதை யார் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வியை அவர் எழுப்பவே இல்லை. அதை எழுப்புவதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு வயது 44. பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன், அம்பாசமுத்திரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். என் கணவர் சிறிய ஹார்டுவேர் கடை நடத்துகிறார். மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டும் மகன் எட்டாம் வகுப்பும் படிக்கிறார்கள். பக்கவாதம் வந்து மூன்று ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கும் என் மாமியாரும் எங்களோடு இருக்கிறார். இவர்கள் எல்லாருக்கும் நடுவில்தான் நான்கு ஆண்டுகளாகக் கிறிஸ்தவ இறையியலை, கல்லூரியில் தங்காமல் வீட்டிலிருந்தே, வெளிநிலை மாணவியாகப் படித்து வருகிறேன். எந்த நிறுவனத்தில் படிக்கிறேன் என்பதை எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறைகளை வேறு வேறு இடங்களில் படிக்கும் தோழிகளும் சொல்லக் கேட்டிருக்கிறேன்; ஓரிடத்தை மட்டும் சுட்டிக்காட்டுவது நியாயம் ஆகாது.

நான் படிப்பது பெரும்பாலும் செங்கோட்டை பாசஞ்சர் ரயிலில்தான். காலையில் திருநெல்வேலி சந்திப்பில் ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால், பேட்டை தாண்டியதும் புத்தகத்தைத் திறந்து, சேரன்மகாதேவி வருவதற்குள் இரண்டு பக்கமாவது குறிப்பு எடுத்துவிடுவேன். வீரவநல்லூரில் பள்ளிப் பிள்ளைகள் ஏறும்போது மூடிவைக்க வேண்டியிருக்கும். மாலையில் திரும்பும்போது உடல் அசந்துவிடும். காலையில் எடுத்த குறிப்பை ஒருமுறை வாசிப்பதோடு சரி. இரவு பத்து மணிக்கு மாமியாருக்கு மருந்து கொடுத்துத் துணி மாற்றிய பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கும். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருவர் ஒரு வாரத்தில் முடிக்கும் பாடத்துக்கு எனக்கு ஒரு மாதம் ஆகிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மாதம் மனத்தில் கிடந்து ஊறிய பாடம், தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோவதில்லை என்பதையும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

இறையியல் விடுதி மாணவர்களுக்கு உரியது என்ற எண்ணம் நம் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றுக்கே பொருந்தாதது. சீர்திருத்தத் (புராட்டஸ்டன்ட்) திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழரான ஆரோன், 1718இல் ஞானஸ்நானம் பெற்று, பல ஆண்டுகள் உபதேசியாராக ஊர் ஊராகச் சென்று உழைத்த பிறகே 1733 டிசம்பரில் தரங்கம்பாடியில் அபிஷேகம் செய்யப்பட்டார். எங்கள் நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை தமிழ் ஆசிரியராக வாழ்க்கை நடத்தியவர். 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 67. வெங்கல் சக்கரை வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், சென்னை மாநகரின் மேயராகவும் இருந்தவர். அவருடைய உறவினரான செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதி. 1938இல் தாம்பரத்தில் உலக மிஷனெரி மாநாடு கூடியபோது, இந்தியக் கிறிஸ்தவம் தன் சொந்தக் காலில் நின்று சிந்திக்க வேண்டும் என்று ஒரு நூலின் மூலம் உரக்கச் சொன்ன குழுவில் இந்த இருவரும் முன்வரிசையில் இருந்தார்கள். இருவருமே குருவானவர்கள் அல்லர். பகலில் நீதிமன்றமும் மாலையில் வீடும் என்று இருந்தவர்கள்.

பெண்களைப் பற்றிச் சொல்வதானால், பண்டித ரமாபாயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கணவரை இழந்து, ஒரே மகளை வளர்த்துக்கொண்டு, புனேவுக்கு அருகே கேட்காவில் நூற்றுக்கணக்கான ஆதரவற்ற பெண்களையும் பிள்ளைகளையும் பராமரித்துக்கொண்டே, எபிரேயமும் கிரேக்கமும் கற்று, வேதாகமம் முழுவதையும் மூலமொழிகளிலிருந்து மராத்தியில் மொழிபெயர்த்தவர் அவர். 1922இல் அவர் மறைந்த பிறகு, 1924இல் அது அச்சில் வந்தது. நான் அவருடைய கால்தூசிக்கும் ஆகமாட்டேன். ஆனால் "பெண்களுக்கு வீட்டுப் பொறுப்பு இருக்கிறதே" என்று யாராவது சொல்லும்போது, அவருக்கு இருந்த வீட்டுப் பொறுப்பு எத்தனை பெரியது என்று கேட்கத் தோன்றுகிறது.

1963ஆம் ஆண்டு மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி இந்தப் பிரச்சினையை நேருக்கு நேர் சந்தித்தது. கிராமச் சபைகளை உண்மையில் நடத்தி வந்தவர்கள் நிலமும் பிள்ளைகுட்டிகளும் உள்ள நடுவயதுக்காரர்கள். அவர்களால் ஊரை விட்டுவிட்டு வந்து கல்லூரியில் தங்கிப் படிக்க முடியவில்லை. வந்து படித்த இளைஞர்களோ பலர் கிராமத்துக்குத் திரும்பிப் போகவில்லை. எனவே கல்லூரி மாணவரைத் தேடிப் போவது என்று தீர்மானித்தார்கள். வீட்டில் தானாகப் படிப்பதற்கான பாடநூல், வாரம் ஒருமுறை பக்கத்து ஊரில் ஆசிரியரோடு கூடுகை என்ற அந்த முறை விரைவிலேயே பல நாடுகளுக்குப் பரவியது. 1971இல் பெங்களூரில் தொடங்கிய 'டாஃப்டீ' (TAFTEE) என்ற வெளிநிலை இறையியல் கல்வி அமைப்பு அதை இந்தியாவில் வேரூன்றச் செய்தது. 1818இல் மிஷனெரி வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் நிறுவிய செராம்பூர் கல்லூரியின் மரபில் வந்து, இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டும், குருத்துவத்துக்கு வராத சபை மக்களுக்கென்றே வெளிநிலைப் படிப்புகளை வைத்திருக்கிறது. ஆக, வாசல் திறந்துதான் இருக்கிறது. வாசலைத் திறந்ததோடு கடமை முடிந்துவிட்டதாகத் திருச்சபை நினைக்கிறதோ என்பதுதான் என் கவலை.

படிப்பு எப்படி வீட்டுக்குள் வருகிறது என்பதை இரண்டு நிகழ்வுகளால் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

என் பாடத்திட்டத்தில் கிரேக்கம் கட்டாயம் இல்லை. ஆயினும் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவர், ஆசையாகக் கேட்டேன் என்பதற்காகச் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறார். அவர் தந்த எழுத்துகளைத் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதி, அடுப்படியில் மிக்சிக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருந்தேன். ஒரு நாள் இட்லிப் பொடி எடுக்க வந்த மகன் அவற்றைப் பார்த்துவிட்டு, ஒமிக்ரோன், ஒமேகா என்று இரண்டு 'ஓ' எதற்கு என்று கேட்டான். ஒன்று குறில், ஒன்று நெடில் என்றேன். "அப்போ எப்சிலோன் எ, ஏட்டா ஏ, அவ்வளவுதானே?" என்று அவனே சொல்லிவிட்டான். ஆங்கிலவழிப் புத்தகங்கள் அரைப் பக்கம் விளக்கும் வேறுபாட்டை எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளை அரை நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறான், ஏனென்றால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் நமக்கு வாயிலேயே இருக்கின்றன. அவற்றை எழுத்திலும் ஐயமறப் பிரித்துக் காட்டும் வடிவத்தை ஒழுங்குபடுத்தியவர் வீரமாமுனிவர் என்று பள்ளியில் படித்தோமே, அவரும் ஒரு கிறிஸ்தவத் துறவிதான் என்பதை அன்று அவனுக்குச் சொன்னேன்.

வேற்றுமை உருபும் அப்படியே. 'வார்த்தை' என்று நாம் யோவான் நற்செய்தியின் முதல் வசனத்தில் வாசிக்கும் சொல் கிரேக்கத்தில் லொகொஸ். வார்த்தையை என்றால் லொகொன், வார்த்தையினுடைய என்றால் லொகூ, வார்த்தைக்கு என்றால் லொகோ, வார்த்தையே என்று விளித்தால் லொகெ. ஐ, கு, அது என்று நன்னூல் வழியில் வேற்றுமை படித்தவர்களுக்கு இதில் மிரளுவதற்கு ஒன்றுமில்லை. அப்படியிருக்க, தமிழர்கள் கிரேக்கத்தை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்க் கற்க வேண்டிய நிலைமை ஏன் இன்னும் இருக்கிறது? மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, உயர்நிலை இறையியலைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று நிரூபித்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1858 முதல் இயங்கும் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் நல்ல தமிழ் நூல்களை வெளியிட்டிருக்கிறது. ஆனால் வெளிநிலை மாணவர் கையில் கிடைப்பவை பெரும்பாலும் மறுபதிப்பு காணாத நூல்களின் ஜெராக்ஸ் பிரதிகள். என்னிடம் உள்ள திருச்சபை வரலாற்றுக் குறிப்பில் நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் விழுந்துவிட்டது. விடுதி மாணவர் நூலகத்துக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்வார். நான் ஊகித்துப் படித்தேன்.

இரண்டாவது நிகழ்வு என் மாமியாரைப் பற்றியது. அவர் ஐம்பது ஆண்டுகள் விடியற்காலை ஜெபத்தைத் தவறவிடாதவர். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செயலாளராக இருந்தவர். அசனம் என்னும் சபை விருந்துக்கு அரிசி களைவதிலிருந்து வீடில்லாதவர்களுக்குத் துணி சேர்ப்பது வரை முன்னால் நின்றவர். யோபு புத்தகத்தைப் பற்றிய கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருந்த ஓர் இரவில், நீதிமானுக்கு ஏன் துன்பம் என்ற 15 மதிப்பெண் கேள்விக்கு நான்கு விளக்கங்களை வரிசையாக எழுதி முடித்திருந்தேன். துணி மாற்றப் போனபோது அவர், வாய் கோணியதால் குழறுகிற பேச்சில், "நான் என்ன பாவம் செஞ்சேன்னு ஆண்டவர் என்னைய இப்படிப் போட்டுட்டாரு, சொல்லு" என்று கேட்டார். நான் எழுதியிருந்த நான்கு விளக்கங்களில் ஒன்றைக்கூட அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தூங்க வெகுநேரம் ஆயிற்று.

யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் தவறிப்போகிறது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அந்த விளக்கங்களுக்காகத்தான் அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாசைக் கடிந்துகொள்கிறார், குமுறிக் குமுறிக் கேள்வி கேட்ட யோபையோ 'என் தாசன்' என்கிறார். இதை நான் பலமுறை வாசித்திருந்தும், மாமியாரின் கட்டிலருகே உட்கார்ந்த அன்றுதான் அதன் கனம் புரிந்தது. மறுநாள் ரயிலில் கட்டுரையை முதலிலிருந்து எழுதினேன். அதற்கு என் முந்தைய கட்டுரைகளைவிடக் குறைந்த மதிப்பெண்தான் கிடைத்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. குடும்பம் இறையியல் படிப்புக்கு இடைஞ்சல் என்று எழுதிய வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: என் படிப்பில் நான் உண்மையாகக் கற்ற இடங்களில் பாதி என் வீட்டில் இருந்தவை.

ஆயினும், வீட்டிலிருந்து படிப்பவருக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது, அதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அது தனிமை. எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மரம் செடிகளும் மிருகங்களும் முதலில் உண்டாகி மனிதன் கடைசியில் உண்டாகிறான்; இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில் உருவாக்கப்படுகிறான். முதல் அதிகாரம் முழுவதும் 'தேவன்' என்று வருகிறது. இரண்டாம் அதிகாரம் நான்காம் வசனத்திலிருந்து 'தேவனாகிய கர்த்தர்' என்று மாறுகிறது. சிறு வயதிலிருந்து நூறு முறை வாசித்த பகுதி. நான் ஒருபோதும் இதைக் கவனித்ததில்லை. வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்களான ஐந்தாகமங்கள் பல காலத்து மரபுகள் சேர்ந்து உருவானவை என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் வெல்ஹௌசன் வகுத்துச் சொன்ன கொள்கையை முதன்முதலாகப் படித்தபோது, எனக்குக் காலடியில் நிலம் நழுவியது போல இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படைப்பின் கதை சொல்ல வேண்டிய முறை என்னுடையது. போகாமல் இருந்துவிட்டேன்.

விடுதியில் இருந்திருந்தால் அன்றிரவே பக்கத்து அறை நண்பரிடம் பேசியிருப்பேன். மறுநாள் காலை ஆசிரியரிடம் கேட்டிருப்பேன். இந்தக் கொள்கையைப் பிற்கால அறிஞர்கள் எவ்வளவு திருத்தியிருக்கிறார்கள், அதை ஏற்றும் ஏற்காமலும் ஆழ்ந்த விசுவாசத்தோடு வாழ்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் ஒரு தேநீர் நேரத்தில் தெரிந்துவிடும். எனக்கு அது தெரியவர ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் வீட்டில் குடும்ப ஜெபத்தின்போது என் குரல் உள்ளே போய்விட்டதை என் மகள் கவனித்திருக்கிறாள். "அம்மா, உங்களுக்கு என்னமோ ஆயிருக்கு" என்று அவள்தான் கேட்டாள். பாடப்பொதியைத் தபாலில் அனுப்பிவிட்டால் இறையியல் கற்பித்தாயிற்று என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு மனிதரின் விசுவாசத்தின் அடித்தளத்தையே தோண்டிப் பார்க்கச் சொல்லும் படிப்பு இது. தோண்டும்போது அருகில் ஆள் வேண்டும்.

இனிச் செலவைப் பற்றிச் சொல்கிறேன். வெளிநிலைப் படிப்புக்குக் கட்டணம் அதிகமில்லை. என் ஒரு மாதச் சம்பளத்தில் சிறு பகுதிதான். உண்மையான கட்டணம் மணிக்கணக்கில் செலுத்தப்படுகிறது, அதைச் செலுத்துபவள் நான் மட்டும் அல்ல. மே மாதத்தில் வெளியூரில் பத்து நாள் நேரடி வகுப்பு இருக்கும். நாள் எப்போது என்று ஏப்ரல் மூன்றாம் வாரத்தில்தான் தெரியவரும். அரசு ஊழியருக்கு அவ்வளவு அவசரமாகத் தொடர்ந்தாற்போல் பத்து நாள் விடுப்பு எடுப்பது எளிதல்ல. முதல் ஆண்டில் மகனுக்கு வயது பத்து. அவனையும் அழைத்து வரலாமா, தங்கும் இடத்தில் ஒரு மூலை போதும் என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு ஏற்பாடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பத்து நாளும் என் நாத்தனார் தூத்துக்குடியிலிருந்து வந்து, தன் வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு, என் மாமியாரையும் என் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். நான்கு ஆண்டுகளும் அவர்தான் வந்தார். என் கணவர் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகச் சாத்திவிட்டு வந்து தோசை ஊற்றினார். "நீ படி, நான் பாத்துக்கிடுதேன்" என்பது அவர் வாயில் வழக்கமாகிவிட்டது. எனக்குப் பட்டம் கிடைக்கும்போது சான்றிதழில் என் பெயர்தான் இருக்கும். நாத்தனாரின் நாற்பது நாள்கள் எந்தக் கணக்கிலும் வராது.

என் மகள் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதிய ஆண்டில், அதே வாரத்தில் எனக்கும் இரண்டு தாள்கள் வந்தன. நான் அந்த ஆண்டு எழுதவில்லை. அதைத் தியாகம் என்று சொல்லமாட்டேன். எந்தத் தாயும் தகப்பனும் செய்வதுதான். ஆனால் வெளிநிலைப் படிப்பு குடும்பஸ்தர்களுக்காகவே ஏற்பட்டது என்றால், அரசுப் பொதுத்தேர்வு அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தேர்வு நாள் குறிப்பது அவ்வளவு கடினமான காரியமா?

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. என்னோடு படிக்கும் சகோதரர் ஒருவர் ஆசிரியர், இரண்டு சிறு பிள்ளைகள் உள்ளவர். எங்களுக்குள் முதல் மதிப்பெண் அவருக்குத்தான். அவர் மாலை ஆறு முதல் ஒன்பது வரை கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதாகச் சொன்னார். அந்த மூன்று மணி நேரமும் இரண்டு பிள்ளைகளையும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்பவர் அவருடைய மனைவி. அந்தச் சகோதரியும் பட்டதாரி, அவருக்கும் படிக்க விருப்பம் உண்டு என்பதை ஒருநாள் பேச்சுவாக்கில்தான் அறிந்தோம். நான் படிப்பதற்குக் கணவர் 'அனுமதி' தந்தாரா என்று என்னிடம் சபையில் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சகோதரரிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. இருவரில் ஒருவர் படிக்கும்போது மற்றவருக்கும் அதே பாடத்தில் பங்கு கொடுக்க முடியும். கணவனும் மனைவியும் ஒன்றாகப் படிப்பில் சேர்ந்தால் பாடநூல் ஒரு பிரதி போதும், வீட்டில் பேசுவதற்கு ஆளும் கிடைக்கும். இதை ஊக்குவிக்கும் ஒரு அறிவிப்பைக்கூட நான் இதுவரை கேட்டதில்லை.

திருச்சபை என்ன செய்ய முடியும் என்று கேட்டால், புதிதாகக் கட்டடம் எழுப்பத் தேவையில்லை. எங்கள் பாளையங்கோட்டையில் ஆலயங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றின் வளாகத்திலும் ஓய்வுநாள் பள்ளிக்கென்று கட்டிய அறைகள் திங்கள் முதல் சனி வரை பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை மாலை ஐந்து முதல் எட்டு வரை திறந்துவைத்து, ஒரு மின்விசிறியும், வேதாகம அகராதி, விளக்கவுரை, ஒரு சொல் வரும் வசனங்களைத் தொகுத்துக் காட்டும் ஒத்துவாக்கியம் என ஐம்பது தமிழ் நூல்களும் வைத்தால், நகரத்தில் படிக்கும் அத்தனை பேரும் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்வார்கள். இப்போது இருக்கும் இறையியல் நூலகங்கள் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படுகின்றன. அலுவலகம் விட்டு ரயில் ஏறி வருபவருக்கு அவை பூட்டிய கதவாக மட்டுமே தெரியும். ஓய்வுபெற்ற குருவானவர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். நாற்பது ஆண்டுப் படிப்பும் ஊழிய அனுபவமும் அவர்களிடம் கிடக்க, அவர்களை நாம் கல்யாணத்துக்கும் அடக்க ஆராதனைக்கும் மட்டும் கூப்பிடுகிறோம். வாரம் ஒரு மாலை அந்த அறையில் அவர்கள் வந்து உட்கார்ந்தாலே போதும். என்னுடைய ஐந்து மாதக் குழப்பம் ஐந்து நாளில் தெளிந்திருக்கும்.

பெண்கள் ஐக்கிய சங்கம் எத்தனையோ நல்ல காரியங்களைச் செய்கிறது. நேரடி வகுப்பு நடக்கும் பத்து நாளும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையும், படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டுக்குப் பகலில் இரண்டு மணி நேரம் ஒருவர் போய் இருப்பதையும் அதன் பணியாக ஏற்றால், என் நாத்தனாரைப் போன்றவர்கள் தங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. இதை உதவி கேட்பதாக நான் நினைக்கவில்லை. வெளிநிலையில் படிப்பவர்கள் பிழைப்புக்காகப் படிக்கவில்லை. படித்ததைச் சபைக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளியில், வீட்டு ஜெபக் கூட்டத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் அது செலவாகிறது. ஊருக்கு ஊர் நடந்துபோன நம் பழைய உபதேசியார்களும் வேதாகமப் பெண்களும் செய்த வேலையின் தொடர்ச்சி இது. அவர்களுக்குத் திருச்சபை சம்பளம் கொடுத்தது. இவர்களுக்குச் சம்பளம் வேண்டாம், தேதியை மூன்று மாதம் முன்னதாகச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

படித்து முடித்தவர்களுக்கு வேலை கொடுப்பதிலும் தயக்கம் இருக்கிறது. எங்களுக்கு முன்பே படித்த ஓர் அம்மா பட்டம் முடித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 61 வயதில் தேர்வு எழுதித் தேறியவர். லெந்து என்னும் தவக்கால வேதபாடத்தை ஒரு மாலையாவது அவரிடம் கொடுக்கலாம் என்று சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் ஒருவர் சொன்னபோது, "அவங்க நன்றிப் பாட்டு பாடட்டுமே" என்று முடித்துவிட்டார்கள். அவர் பாடினார், நன்றாகவே பாடினார். ஆனால் ஏசாயா புத்தகத்தின் 53ஆம் அதிகாரத்தை அவர் எங்களுக்கு ஒரு மாலை முழுவதும் விளக்கியதைக் கேட்டவள் நான். அதைக் கேட்கும் வாய்ப்பு அந்தச் சபைக்குக் கிடைக்காமல் போனதே என்பதுதான் என் துக்கம்.

கடந்த வாரம் கடிதம் எழுதிய வாசகரையும், அவரைப் போல எண்ணுகிற பெரியவர்களையும் நான் பணிவோடு கேட்டுக்கொள்வது, உங்கள் சபையில் வேலைக்கும் போய்க்கொண்டு இறையியலும் படிக்கும் ஒருவரைத் தேடிப் போய், அவர் வீட்டில் யார் யாருடைய நேரம் அந்தப் படிப்புக்குப் போகிறது என்று விசாரியுங்கள் என்பதே. திருமண்டலப் பொறுப்பில் உள்ளவர்களும் நிறுவனப் பொறுப்பாளர்களும் இந்தக் கடிதத்தைப் பார்த்தால், வரும் மே மாத வகுப்பின் நாள்களைப் பிப்ரவரிக்குள் அறிவிக்கும்படியும், பிள்ளைகளோடு வருபவர்களுக்கு ஓர் அறை ஒதுக்கும்படியும் வேண்டுகிறேன். எனக்கு இன்னும் இரண்டு தாள்கள் மீதமிருக்கின்றன. இந்த ஆண்டு நாத்தனாரின் மகளுக்குப் பேறுகாலம். அவரால் வர இயலாது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை.